ஐந்தாம் துளையில் செருகிய கயிறு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் தேநீர் போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். ஆனாலும் கம்பி போகிற இடத்துக்குத்தான் குரல் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பதினைந்து வருஷம் டெலிபோன் போர்டு பார்த்தவன் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் போர்டில் ஐந்தே துளைகள். ஆபீஸ், துரை பங்களா, டிரெஸர் மருந்து கொடுக்கிற கிளினிக், ஃபாக்டரி, கடைசியாக மலை உச்சியில் இருந்த மேல் டிவிஷன். ஒவ்வொரு துளைக்கு மேலேயும் ஒரு சின்னத் தகரக் கதவு இருக்கும். அங்கே ஒருவர் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர் கதவு டக்கென்று விழும். நான் கதவைத் தூக்கி மூடிவிட்டு, ஒரு கயிற்றை அந்தத் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அதன் ஜோடிக் கயிற்றை அவர்கள் கேட்ட துளையில் செருகி மணியடிப்பேன். பிறகு ஸ்டோர், நர்சரி, புது டிவிஷன், ரிங்லெட் டவுனுக்கே ஒரு கம்பி என்று துளைகள் பெருகி, காலை நேரத்தில் என் மடியில் கயிறுகள் பின்னிக் கிடக்கும். அந்தச் சத்தமெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு கட்டளைதான், இணைத்தவுடன் சுவிட்சைத் தள்ளிக் காதை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக் கேட்டால் சீட்டு கிழிந்துவிடும் என்று ஆபீஸ் கணக்கெழுத்துக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி முதல் நாளே சொல்லிவிட்டார்.

முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. மேல் டிவிஷன் கங்காணி வேலாயுதத்துக்கும் அப்படித்தான். ஆனால் கம்பியில் நாங்கள் வேறு ஆட்கள். அவர் பேசுவதற்கு முன் தூசி தட்டுவதுபோல் குழாயில் இரண்டு தடவை ஊதுவார், காது அடைத்துப்போகும். கொழுந்து நிறை சொல்லி முடித்ததும் இன்றைக்கு என்ன கறி என்று கேட்பார். பத்து வருஷம் இப்படிப் பேசினோம். திருவிழாவில் நேரில் பார்த்துக்கொண்டால் மட்டும் இரண்டு பேரும் தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். "பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல நிக்கிறீங்க ரெண்டு பேரும்" என்று என் மனைவி லெட்சுமி கேலி செய்வாள்.

பிறகு மேல் டிவிஷனில் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். தேயிலை மட்டும் இருந்தது, கொழுந்தெடுக்க ஆட்கள் கீழேயிருந்து போய் வந்தார்கள், லெட்சுமியும் அவர்களில் ஒருத்தி. டெலிபோனைக் கழற்றி, கம்பியைச் சுருட்டி வேறு இடத்துக்கு இழுத்தாயிற்று. கங்காணி மகள் வீட்டோடு போய், அடுத்த வருஷம் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் காரியத்துக்கும் போய் மூலையில் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். சரியான மழை, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், எதிரே இருந்த ஃபாக்டரியே தெரியவில்லை. ஐந்தாம் கதவு விழுந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு எதுவும் தோன்றவில்லை, கை தன்பாட்டுக்குக் கயிற்றை எடுத்துச் செருகிவிட்டது. இரண்டு தடவை ஊதுகிற சத்தம்.

"தம்பி, டிரெஸரக் குடு. நீ கேக்காத, பதறிப் போயிருவ."

"சரிங்க ஐயா" என்று சொல்லி கிளினிக்குக்கு மணியடித்து, சுவிட்சைத் தள்ளிக் காதையும் எடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் யாரோடு பேசினேன் என்பது உறைத்தது. விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது. திரும்ப இழுத்திருந்தால் கேட்டிருக்கலாம், ஆனால் கேட்காதே என்றாரே. கொஞ்ச நேரத்தில் கிளினிக் லோரி ஆபீஸைத் தாண்டி மேலே ஏறிப் போனது.

அது திரும்பி வந்தபோது பின்னால் கம்பளியில் சுற்றிப் படுத்திருந்தது லெட்சுமி. மேல் டிவிஷனில் கால் வழுக்கி, மழைத் தண்ணீர் ஓட வெட்டிய பெரிய கானுக்குள் விழுந்து எலும்பு முறிந்து, தண்ணீர் மார்பு வரை ஏறக் கிடந்திருக்கிறாள். பனிமூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள்.

"யாருப்பா அந்தப் பெரியவரு? எந்தக் கான், எந்தத் திருப்பம்னு சொன்னாரு பாரு, அச்சு அசலா அங்கதான் கெடந்துச்சு. இன்னும் அரைமணி போயிருந்தா அவ்வளவுதான் லா" என்றார் டிரெஸர். அப்புறம் காதைத் தேய்த்துக்கொண்டு, "ஏன்தான் அந்த ஊது ஊதுனாரோ" என்றார்.

மறுவாரம் டவுனிலிருந்து வந்த மெக்கானிக்கைக் கெஞ்சிப் போர்டின் பின்பலகையைக் கழற்றச் சொன்னேன். ஐந்தாம் துளைக்குப் பின்னால் ஒரு கம்பியும் இல்லை, ஒட்டடைதான் இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடினார். சில வருஷத்தில் தானாக இணைக்கிற பெட்டி வந்து போர்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

லெட்சுமி நன்றாக இருக்கிறாள், குளிர் நாளில் கொஞ்சம் நொண்டுவாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் இன்றுவரை ஆறவில்லை. பேசி முடித்தவர்கள் கைப்பிடியை ஒரு சுற்று சுற்ற வேண்டும், கதவு மறுபடி விழும், பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அதைப் பார்த்துத்தான் கயிற்றைப் பிடுங்குவோம். கங்காணி அதை ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்கு டிரெஸர் போனை வைத்துவிட்டு லோரிக்கு ஓடிய பிறகும் ஐந்தாம் கதவு விழவேயில்லை. லோரி திரும்பி வரும்வரை கயிறு செருகியபடியே இருந்தது, நான் அதைப் பார்த்தபடியே இருந்தேன். யாரோ லெட்சுமி பேரைச் சொல்லிக் கத்தியதும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன்.

அவ்வளவு நேரமும் அவர் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். என்னோடு பேசத்தான் இருந்தாரோ என்னவோ.