ஸ்டெல்லா அக்கா பேசிய படம்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று வாட்ஸாப்பில் வந்ததை நான் உடனே நம்பவில்லை. எங்கள் குழு ஏற்கெனவே உயிரோடு இருந்த ஒருவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறது. வீட்டுக்கே அழைத்தேன். அவர் தங்கை எடுத்தார். “ஆமாண்ணே, தூக்கத்திலேயே போயிட்டாங்க” என்றார்.

மலேசியாவில், எங்கள் சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்தில் அக்கா மொழிபெயர்ப்பாளராக இருந்தார். நான் ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா. சாட்சி பேச்சை இழுத்தால் அவரும் இழுப்பார், தயங்கினால் தயங்குவார். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். “பொய் சொல்றது அவங்க வேலை. அதைப் பொய்யாவே கொடுக்கிறது என் வேலை” என்பார்.

ஓய்வு பெற்ற பின் பாக்கார் ஆராங் தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு பழைய ஹாலிவுட் படம் காட்டினார். திரைக்குப் பக்கத்தில் மைக்குடன் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் சொல்வார். அவர் மிகவும் நேசித்தது, சினிமா பேசத் தொடங்கிய காலத்து ரவுடிக் கூட்ட நகைச்சுவைப் படம் ஒன்று. படம் பார்த்தே வளர்ந்தவர்கள்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை. தாய்க்குப் பயப்படும் குள்ளத் தலைவன் ஒருவன். அவனையும் போலீசையும் சேர்த்து ஏமாற்றும் அவன் காரியதரிசிப் பெண். நடித்த இருவருமே பிறகு மேலே வரவில்லை. தலைவனாக நடித்தவர் தட்டேந்தி வந்துபோகும் வேடங்களில் கரைந்துபோனார். காரியதரிசியாக வந்த அம்மா நடிப்பை விட்டுவிட்டுப் பூக்கடை வைத்தாராம். “இவ்வளவு நல்லா நடிச்சவங்கள நாமளாச்சும் நினைக்கணும்லா” என்பார் அக்கா.

பாதிரியாருக்கு அந்தப் படத்தின் மேல் சந்தேகம். “கேங்ஸ்டர் படமா? நம்ம ஊருல இருக்கிற ஆளுங்க போதாதா?” என்றார்.

“இதைப் பார்த்தா அவங்கள கண்டு யாரும் பயப்பட மாட்டாங்க, ஃபாதர்.”

படம் போட்ட அன்று பாதிரியார் கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் அமர்ந்தார். கடைசி வரிசையில் குணா வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். எந்தக் கும்பலைச் சேர்ந்தவன் என்று ஊருக்கே தெரியும். அவன் வழக்கில் மொழிபெயர்த்ததும் அக்காதான். எதற்கு வந்தான் என்று எனக்குப் புரியவில்லை.

படத்தில் தலைவன் நீதிமன்றக் கூண்டில் ஏறினான். அக்கா, காரைக் ‘காடி’ என்னும் எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்: “நான் அங்க இல்ல. இருந்தாலும் காடியில தூங்கிட்டிருந்தேன். அந்தக் காடியும் என்னோடது இல்ல.”

மண்டபமே சிரித்தது. சிலர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். குணா தன் வழக்கில் சொன்னதும் அதேதான்.

அவன் எழுந்தான். “அக்கா, நிறுத்துங்க. இது நான் சொன்னது. அந்த வெள்ளைக்காரன் சொன்னானா, நீங்களா சேர்த்தீங்களா?”

படம் நின்றது. பாதிரியார் எழுந்துவிட்டார். நான் கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

“திரும்பப் போடுறேன், குணா. கோர்ட்டுல சொன்ன மாதிரியே சொல்றேன், கேளு” என்றார் அக்கா. நீதிமன்றத்தில் நிற்பதுபோல எழுந்து நின்றார். தன்னுடையது எதையும் கலக்காத அந்தப் பழைய குரலில் அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

குணா திரையையே பார்த்தான். “ஜட்ஜ் நம்புனாரா?”

“உக்காந்து பாரு.”

உட்கார்ந்தான். தலைவனின் தாய் நீதிமன்றத்துக்குள் நுழைந்து மகனின் காதைப் பிடித்து இழுத்தபோது, குணாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அந்த நடிகர் பேசியதோ படுவேகம், ஒலியும் கரகரத்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ‘கார்’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

“என்னையே சந்தேகப்படுறியா தம்பி?”

“ஆமாக்கா.”

“நல்லது” என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார்.

அக்காவின் அடக்கத்துக்குக் குணா வந்திருந்தான். ஒதுங்கி நின்றவன் என்னிடம் வந்து, “அண்ணே, அன்னைக்கு அக்கா சொன்னது நிஜமாவே படத்துல இருந்துச்சா?” என்று மெல்லக் கேட்டான். தெரியாது என்றேன். “கேக்கணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு” என்றான்.

போன வாரம் அவர் தங்கை அந்தப் படத்தை எனக்குக் கொடுத்தார். உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் போட்டேன். ஆனால் அந்தக் காரியதரிசிப் பெண் வாய் திறந்ததும் எனக்கு ஆங்கிலமே கேட்கவில்லை. யாரும் நினைக்காத அந்த நடிகை, ஸ்டெல்லா அக்காவின் குரலில், எங்கள் ஊர்த் தமிழில் பேசினார். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். அது சொன்னதெல்லாம் உண்மையா என்று நான் இனி பார்க்கப்போவதில்லை.