அத்தையின் பூச்சடையில் இருந்தது

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, என் அத்தை.

ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் வீடு. நாலு பட்டுத் தறி. பார்டரில் வரிசையாக ஓடும் அன்னம், மாங்காய், யானை எல்லாமே அத்தை கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தவை. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவள் வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றி, தறிமேல் இருக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியில் செருகினால் அப்படியே சேலையில் விழும். வியாபாரிகள் எங்கள் வாசலுக்கு வந்ததே அந்த பார்டர்களுக்காகத்தான். அப்பா மட்டும் "எங்க வூட்டு டிசைன்" என்பார். தங்கை போட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தைக்கு வெளியூர் நெசவுக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணைக் கொடுத்தாலும் டிசைனைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். நிச்சயதார்த்தம் முடிந்த அன்றே அப்பா பென்டிரைவை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தை வீடு முழுக்கப் படித்துக் காட்டிப் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தேன். கடல் கடந்தவர்கள், யந்திரம் கண்டுபிடித்தவர்கள், மண்ணுக்குள் போன ஊர்கள், எல்லாம் உண்மைக் கதைகளாம். அதில் ஒன்று அத்தைக்குப் பிடித்துப்போனது. சீனாக்காரர்கள் பட்டுப்புழுவை நாட்டைவிட்டு வெளியே போகாமல் காத்த காலம். கொண்டுபோனால் தலை போகும். அங்கிருந்து ஓர் இளவரசியைப் பாலைவனத்து ராஜா ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பட்டு கிடையாது, உனக்கு வேண்டுமென்றால் நீயே கொண்டு வா என்று ராஜா முன்கூட்டியே ஆள் அனுப்பினான். அவள் புழு முட்டையையும் மல்பெரி விதையையும் தலை அலங்காரத்துக்குள் ஒளித்துக்கொண்டு போனாள். எல்லைக் காவலர்கள் எல்லாவற்றையும் சோதித்தார்கள், இளவரசியின் தலையை மட்டும் தொடத் துணியவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, மணல் மூடிய அந்த ஊரைத் தோண்டிய ஒரு வெள்ளைக்காரருக்கு ஓவியம் தீட்டிய மரப்பலகை ஒன்று கிடைத்தது. அதன் படம் புத்தகத்தில் இருந்தது. பெரிய கிரீடத்தோடு ஒரு பெண். பக்கத்தில் ஒரு பணிப்பெண், அந்தக் கிரீடத்தை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு. இளவரசியைவிட எனக்கு அந்தப் பணிப்பெண்ணைத்தான் பிடித்தது. ரகசியம் தெரிந்தவள் அவள்தானே!

"அவளா எடுத்துகினு போனாளா, ராஜா வூட்ல கேட்டாங்களா?" என்றாள் அத்தை.

"அவங்கதான் கேட்டாங்க அத்தை."

"எடுத்துகினு போவலன்னா?"

"அத புக்குல போடல."

அத்தை புத்தகத்தை வாங்கி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். ஒருவழியாக என் கதையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணம் ஆரணியில். தாலி கட்டி முடிந்து, பெண்ணை அனுப்பும் நேரம். சாப்பிட வந்திருந்த பட்டு வியாபாரி ஒருவர் தீபாவளிக்குப் புது பார்டர் வேண்டும், கையோடு காட்டுங்கள் என்றார். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பென்டிரைவு காணோம். அது வெளில பூட்ச்சின்னா எவன் எவனோ பவர்லூம்ல ஓட்டிடுவான். நாம பொழைக்கறதெப்படி?"

மணப்பெண் அறையில் எல்லாப் பெட்டிகளையும் திறந்தார்கள். மடித்த சேலைகளை உதறினார்கள். சீர்ப் பாத்திரங்களுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாத விடை எனக்கு மட்டும் தெரிந்துவிட்ட சந்தோஷம்தான். விரலை நீட்டினேன்.

"அத்தை சடையில பாருங்கப்பா! சீனாக்காரி வச்சிகினு போனா இல்ல, அந்த மாதிரி!"

சிலர் சிரித்தார்கள். அத்தையின் கை தானாகத் தலைக்குப் போனது. சிரிப்பு நின்றது.

அம்மாதான் பூச்சடையைப் பிரித்தாள். மல்லிகை மடியெல்லாம் கொட்டியது. சவுரிக்குள், கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிய பென்டிரைவ். பெண்ணை அழைத்துப்போக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"ஐயய்ய, இன்னா பொண்ணுங்க இது! நாங்களா எடுத்தாரச் சொன்னோம்?"

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ராகுகாலம் வருது, ஜல்தி ஆகட்டும் என்று யாரோ அவசரப்படுத்த, பாதி பின்னிய சடையோடு வேனில் ஏறினாள். அப்பா என் தலையைத் தடவி, எம்பொண்ணு குடும்பத்தையே காப்பாத்திட்டா என்றார். நான் லட்டு தின்றேன்.

தலைதீபாவளிக்கு அத்தையை அனுப்பவில்லை. அந்த வீட்டில் அவளுக்குத் திருடி என்றே பெயராகிவிட்டது என்று அம்மா யாரிடமோ போனில் சொல்லி அழுதாள். வெறுங்கையோடு வந்தவள் என்ற பேச்சும் கூடவே இருந்ததாம். இரண்டாம் வருஷம் ஒரு காலையில் தகவல் வந்தது. வயிற்றுவலி தாங்கமுடியாமல் உயிரை விட்டுவிட்டாள் என்றார்கள். அத்தைக்கு வயிற்றுவலி வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அந்த அறையில் அப்பா கேட்டது பென்டிரைவைப் பற்றி மட்டும். நீங்கள் கேட்டீர்களா, கொண்டுவரச் சொன்னீர்களா என்று மாப்பிள்ளையின் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு நாற்பது.