என் பேர் வெட்டிய தட்டு

நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. தேய்த்தால் எரிந்தது. தி.நகர் புடவைக் கடையில் நாள் முழுக்கப் பேசியே பிழைக்கும் எனக்கு அதுதான் முதல் அறிகுறி. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சிடி4 அணுக்கள் (நோயை எதிர்க்க மற்ற அணுக்களை ஏவிவிடும் வெள்ளையணுக்கள்) இருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள்ளேயே புகுந்து, பெருகி, அவற்றை அழிக்கிறது. பிறகு எந்தக் கிருமியும் சுலபமாக உள்ளே வந்துவிடும். ஏ.ஆர்.டி. (வைரஸ் பெருகாமல் தடுக்கும் கூட்டு மருந்து) விடாமல் சாப்பிட்டால் அணுக்கள் மெல்லக் கூடும். அன்றே மாத்திரை தொடங்கினேன்.

பட்டினப்பாக்கத்தில் அண்ணனின் ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். அண்ணி பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, என் பேரை வெட்டிக்கொண்டு வந்தார். கல்யாணச் சீருக்குத்தான் அப்படிப் பேர் வெட்டுவார்கள். எனக்கு வெட்டியது, வேறு யாரும் தப்பித்தவறிக்கூடத் தொடக் கூடாது என்று. நான் மெலிந்திருப்பது தெரியாமலிருக்க ஜன்னலையும் சாத்திவிட்டார்.

"அக்கம்பக்கம் பாத்துக்கினு கீது. நீ உள்ளயே இரு" என்றார்.

காற்று வராத அந்த ஒற்றை அறையில் அண்ணன் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார். பீடி இருமல் என்று விட்டுவிட்டார்கள். அவர் டம்ளரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

எனக்கு இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் தொடங்கின. சளியைச் சோதித்தார்கள். காசநோய். டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "வீட்ல யாராவது ரொம்ப நாளா இருமறாங்களாம்மா?"

காசநோய் இருமுபவரிடமிருந்து காற்றில் பரவும் என்றார். வந்த கோபத்தில், வீட்டுக்குப் போனதும் கத்தினேன்.

"அண்ணி, தட்டுல டம்ளர்ல எச்.ஐ.வி. ஒட்டாது. அதால உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அண்ணன் இருமல்தான் என்னச் சாவடிக்குது. மொதல்ல அவர இட்டுகினு போய் டெஸ்ட் எடுங்க."

"இன்னாடி, உன் நோவ அவரு தலயில கட்டுற?"

சோதித்ததில் அவருக்கும் காசநோய்தான். அண்ணனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வந்தார்கள். என்னை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு பேருக்கும் காசநோய் குணமாகிவிட்டது. என் சிடி4 அணுக்களும் கூடியிருக்கின்றன. ஏ.ஆர்.டி. மட்டும் ஆயுள் முழுக்க. நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு இதைப் படிப்பவருக்குச் சொல்கிறேன். உங்களை ஒதுக்கினால் மூலையில் குறுகி உட்காராதீர்கள். இருமுவது யார் என்று சத்தமாகக் கேளுங்கள். என் உடம்பைப் பற்றி அடுத்தவர் என்ன நினைப்பார் என்ற கவலையிலேயே முன்பு என் நாட்கள் கழிந்தன. இப்போது, அடுத்தவரால் என் உடம்புக்கு என்ன வரும் என்று பார்க்கிறேன்.