இரண்டாம் நடை

பூப்பாறையிலிருந்து போடிக்கு இறங்கும் ஜீப்புகளில் ஏறுவதற்கு முன் நான் தலைகளை எண்ணுவேன். டிரைவர்களுக்கு என்னைத் தெரியும். "எண்ணி முடிஞ்சுதா பெரியவரே, போலாமா?" என்பார்கள். ஓர் ஆள் கூடுதலாக இருந்தாலும் ஏறமாட்டேன். அடுத்த ஜீப்புக்காக நிற்பேன். அதுவும் நிறைந்துதான் வரும். நான் போய்ச் சேருவதற்குள் பந்தி முடிந்துபோன கல்யாணங்கள் உண்டு. வீட்டில் அதற்கெல்லாம் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டு உண்மையில் சேரவேண்டிய இடம் என் தாய்மாமா. அவர் விமானி.

அந்த நாளில் எங்கள் மலையில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்களே கொஞ்சம். அம்மாவின் தம்பி பயணிகள் விமானம் ஓட்டுகிறார் என்பது மூன்றாம் வகுப்பில் எனக்கிருந்த ஒரே சொத்து. மேகம் வழியை மறைத்தால் மாமா கையை வெளியே நீட்டித் தள்ளிவிடுவார் என்று சொல்லி வைத்திருந்தேன். வகுப்பே நம்பியது. நானும் நம்பினேன்.

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக மாமா விடுப்பில் வந்தார். கையில் ஒரு கறுப்புத் தோல்பை. அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எத்தனையோ நாள் கற்பனை செய்திருந்தேன். திறந்து காட்டினார்: நீளமான டார்ச், மடித்து மடித்து முனை நைந்த வரைபடங்கள், காதில் மாட்டும் கருவி, இரண்டு பென்சில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்டத் தகடுகள். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நேரம் என்று அந்தத் தகடுகளைத் திருப்பிக் கணக்குப் போடுவாராம். கடைசியாக ஓர் அட்டை வந்தது. என்ஜினைக் கிளப்பும் முன் பார்க்க வேண்டியவை அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு விமானிகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும்.

"இன்னும் மனப்பாடம் ஆகலையா மாமா?" என்று கேட்டேன்.

"ஆயிருச்சு. அதனாலதான் பாத்துப் படிக்கிறது" என்றார்.

பதினாறாம் வாய்ப்பாட்டைப் பார்க்காமல் ஒப்பித்துப் பெயர் வாங்கியிருந்த எனக்கு, மாமா பார்த்துப் படிக்கிறவர் என்பது பிடிக்கவில்லை. அட்டை விஷயத்தை வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நிச்சயதார்த்தம் போடியில். மாப்பிள்ளை வீட்டார் மலையேறி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் பெண்ணை நாங்கள்தான் கீழே அழைத்துப் போகவேண்டும். "மலைக்காரங்களுக்கு நேரம் தெரியாது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி தாம்பூலம் மாத்திறணும்" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டிவிடுமோ என்று அப்பாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஜீப் வந்தது. சாரல் விட்டிருந்தாலும் பாதையை மூடிய மஞ்சு கலையவில்லை. ஆட்கள் பதினான்கு, சீர்த்தட்டு இருபத்தொன்று. மாமா தொப்பி வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவார், மடியில் நான் உட்காருவேன் என்று இருந்தேன். அவர் சாதாரண வேட்டியைக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு ஜீப்பைச் சுற்றி வர ஆரம்பித்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் கை வைத்தார். ஈரத்தரையில் முழங்காலிட்டு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கோயிலாடா அது, பிரதட்சணம் பண்றே?" என்றார் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், அவர் குரல் உயர்ந்தால் வீட்டில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே மாமா டிரைவரிடம் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நேத்து பதினெட்டு ஆளைக் கொண்டு எறக்கினதாக்கும் சாரே. ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம்" என்றார் மலையாளி டிரைவர்.

"நேத்துப் போனது நேத்தோட சரி. ரோடு நனைஞ்சு கிடக்கு, வளைவு தெரியலை. எட்டுப் பேருக்கு மேல வேண்டாம். ரெண்டு நடையாப் போவோம்."

அதற்குள் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் கீழே போய்த் திரும்பி வந்து, மறுபடி இறங்குவதற்குள் பத்தரை தாண்டிவிடும்.

"நெருக்கி உக்காந்தா இன்னும் ரெண்டு பேருக்கு எடம் கிடக்கு மாப்ள" என்றார் பெரியப்பா.

"எடம் இருக்கு பெரியத்தான். பிரேக்குக்கு அது தெரியாதே."

"ஆகாசத்துல நாப்பது பேரை வச்சு ஓட்டுறவனுக்கு, தரையில பதினாலு பேருக்குத் தொடை நடுங்குதாக்கும்!"

"அங்கேயும் எண்ணித்தான் ஏத்துறேன்."

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் கெஞ்சினார். மாமா அந்தக் கையை விடவும் இல்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. யார் இறங்குவது? ஒருவரும் அசையவில்லை. பிறகு, எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்த, அக்காவை இடுப்பிலேயே வைத்து வளர்த்த அம்மாள் யாரும் சொல்லாமலே இறங்கினார். எங்கு எதில் இடம் குறைந்தாலும் முதலில் இறங்குகிறவர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் போய் மாமா நின்றார்.

"நானும் ரெண்டாவது நடையில வர்றேன்."

"தாய்மாமன் நீ! நீ இல்லாம அங்க என்னத்தை ஆரம்பிக்கிறது?" என்று அம்மா அலறினாள்.

"ஆரம்பிக்காதீங்க" என்றார் மாமா.

அப்பாவின் தங்கையான அத்தையும் அவளுடைய இரண்டு பெண்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஆறாவது ஆளாக என்னை மாமாவே தூக்கி இறக்கினார். நான் அழுதேன். தட்டுகள் இருபத்தொன்றும் போயின. பெரியப்பா முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஏலக்காய் மூட்டைமேல் என்னை உட்காரவைத்து மாமா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிப்பார். சத்தம் மஞ்சுக்குள்ளிருந்து மேலே வரும். "ஒண்ணு" என்றார் மாமா. அடுத்ததற்கு என்னைப் பார்த்தார். அழுகைக்கிடையே "ரெண்டு" என்றேன். கேட்கும்வரை எண்ணினோம். கேட்காமல் போனபின்னும் அவர் காதை அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

"பயமா இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

அதையும் வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜீப் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. நாங்கள் போடியில் இறங்கும்போது ராகு காலம் ஆரம்பமாகி வெகுநேரம் ஆகிவிட்டது. பந்தலில் எல்லாரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார்.

"மலையில யார்கிட்டயும் கடிகாரம் கிடையாதாக்கும்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் போனார். "நான் சொல்லித்தாங்க லேட்டாச்சு. இவங்க மேல தப்பில்லை."

"நீங்கதான் ப்ளேன் ஓட்டுறவரா? ப்ளேனும் இப்படித்தான் லேட்டா வருமோ?"

"சில நாள் வரவே வராதுங்க."

யாரோ ஒரு கிழவர் பின்னாலிருந்து சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் மீசை அசைந்தது. ராகு காலம் முடியும்வரை காத்திருந்து, பன்னிரண்டுக்குமேல் தாம்பூலம் மாற்றினார்கள். அக்கா மணையில் உட்காரும்போது, அவளை வளர்த்த அம்மாள் முன்வரிசையில் இருந்தார். மாமா முதல் நடையிலேயே போயிருந்தால் பத்தரைக்குள் எல்லாம் முடிந்திருக்கும், எங்கள் ஐந்து பேருக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள் என்று அம்மா பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்பில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மலைப்பாதையில் மாமா ஜீப்பை ஓட்டினாரா? பள்ளத்தைத் தாண்டினாரா? என்னதான் நடந்தது?

"ஒண்ணும் நடக்கலை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

மாமா ஓய்வு பெறும்வரை ஓட்டினார். சின்ன விமானம் போய்ப் பெரிய விமானம் வந்தது. ஏற்றிய தலைகள் நாற்பதிலிருந்து நானூறு ஆயின. வேலையை விட்ட அடுத்த மாதம் அதே தோல்பையோடு மலைக்கு வந்தார். பெரியப்பா தளர்ந்துபோய்க் கட்டிலில் இருந்தார். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"இத்தனை வருசம் ஆகாசத்துல கிடந்தியே மாப்ள, என்னதான் நடந்துச்சு அங்க?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஒண்ணும் நடக்கலை பெரியத்தான்" என்றார்.

மூன்றாம் வகுப்பில் நான் தலை குனிந்து சொன்ன அதே பதில்.