மதினி சுட்ட வெங்காயத்தாள் ரொட்டி

தோசைக்கல் இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை. அதைக் கரித்துணியால் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய், புளியும் சாம்பலும் போட்டு அக்கா தேய்த்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மூன்று முறை தேய்த்தாள். அடுப்படி வாசலில் நின்று மதினி மூன்று முறையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு சிங்கப்பூர் போய், ஒரு சீனக் குடும்பத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் போடியில் எங்கள் வீட்டிலேயே, எங்களில் ஒருத்தியாக இருந்துவிட நினைத்தார். அம்மாவுக்குப் பிறகு அந்த வீடு அக்காவின் பேச்சில் நடந்தது. வந்த நாலாம் நாள், "இன்னைக்கு ஒரு பொழுது அடுப்படிய எங்கிட்ட விடுங்க" என்று மதினி கேட்டு வாங்கினார்.

எதையும் அளவோடு எழுதி வைக்கிறவன் நான். அன்றைய டைரியில் எல்லாம் இருக்கிறது. மைதா நாலு தம்ளர். பாதி மாவுக்குக் கொதிநீர், பாதிக்குப் பச்சைத் தண்ணீர். அப்போதுதான் உள்ளே மெத்தென்றும் வெளியே மொறுமொறுப்பாகவும் வரும். பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம். மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, உப்பும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் தூவி, பாய் போலச் சுருட்டி, அந்தச் சுருளை முறுக்குப் போலச் சுற்றி, மறுபடி தேய்த்துக் கல்லில் போட்டார். வெந்ததும் இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் தட்ட, அடுக்கு அடுக்காகப் பிரிந்தது.

"சீனாக்காரன் புரோட்டாவா இது? நம்ம கடைக்காரன் தோத்தான் போ!" என்று சொல்லிச் சொல்லி அக்கா மூன்று சாப்பிட்டாள். நாலாவதைப் பிய்க்கும்போதுதான் கேட்டாள்.

"ஏத்தா, இத எங்கன படிச்ச?"

"வேலை பார்த்த வீட்டு அம்மா சொல்லிக் குடுத்தாக."

"அவுக எதுல சுடுவாக?"

மதினிக்குப் பொய் வராது. "அங்கன பன்னிக் கொழுப்புல. இது நம்ம செக்குக் கடலெண்ணெய்."

இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. "அந்தக் கையாலதான எல்லாத்தையும் தொட்ட?" என்று அக்கா எழுந்தாள். நான் இரண்டு தின்றிருந்தேன். நானும் தட்டைத் தள்ளி வைத்தேன். டைரியில் இதை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் கொல்லையில் மதினிக்கென்று தனியாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பத்து நாள் அதில் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். பதினோராம் நாள் கம்பத்துக்கு பஸ் ஏறி, ஒரு அறை பிடித்து, திராட்சைப் பெட்டி கட்டும் வேலையில் சேர்ந்துவிட்டார்.

ஒருவருக்கு ஒரு சாப்பாடு ஆகாது என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று உள்ளே போகும்வரை வராத அருவருப்பு எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு வருடம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை அது எங்கே போனது? அன்று தேனியில், அக்கா இப்போது மகனோடு இருக்கும் வீட்டில் விருந்து. அவள் மருமகள் செல்போனில் ஒரு சீனப் பெண்ணைப் பார்த்துக் கற்று அதே ரொட்டியைச் சுட்டிருந்தாள். அதே சுருட்டல், அதே தட்டல். "அவுக பன்னிக் கொழுப்புதான் ஊத்துறாக அத்தை, நான் எண்ணெய்தான் ஊத்தினேன்" என்றாள். அக்கா தலையாட்டி இன்னொன்று போடச் சொன்னாள். அவ்வளவுதான் விசாரணை.

"மதினியும் இதையேதான சொன்னாக? அவுக சொன்னா மட்டும் பொய்யா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"அவ வேற, இவ வேறடா. பழசையெல்லாம் கிளறிக்கிட்டு... சூடு ஆறுது, சாப்பிடு."

சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டு நேரே கம்பம் பஸ்ஸில் ஏறினேன். அந்தக் கோபம் வழி முழுக்க எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அக்காவின் முகம் எப்படிப் போனது என்று கூடச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார்:

"இன்னைக்கா சொன்னீக, தம்பி?"