எடைமேடையில் என் கட்டைவிரல்

என் முட்டாள்தனங்களில் முக்கால்வாசி வாயால் வந்தவை. இது ஒன்றுதான் கால் கட்டைவிரலால் வந்தது. நாற்பத்து மூன்று வயதில், ஊர்க் கபடி அணியின் மேனேஜர் என்ற பெருமையோடு, கோழித்தீவனக் குடோனில் மூட்டை நிறுக்கும் எடைமேடையின் பின்விளிம்பில் என் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மேலே நின்றவர் எங்கள் அணியின் இடது கார்னர், அதாவது இடது மூலையில் நின்று ஆளைப் பிடிக்கிறவர். அறுபத்து நாலு கிலோ மனிதர் அறுபத்தைந்தரை ஆனார். அந்த ஒன்றரைக் கிலோ என்னுடையது.

எனக்குக் கபடி ஆட வராது. மூச்சுப் பிடித்துப் பாடிப் போனால் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே இருமல் வந்துவிடும். குடோனில் எனக்கு வேலை, எடைமேடை என் பொறுப்பில் இருந்தது, அதனால் மேனேஜர் ஆக்கினார்கள். எங்கள் பக்கத்து ஜூனியர் போட்டிக்கு வயது கணக்கில்லை, எடைதான் கணக்கு. அறுபத்தைந்து கிலோவுக்குள் இருந்தால் மீசை நரைத்தவனும் ஜூனியர்தான். தை மாதம் தொடங்கி சித்திரை மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் முடியும். மல்லசமுத்திரத்தைச் சுற்றி எட்டு ஊர் அணிகள், ஞாயிறு பிற்பகல் ஆட்டம். அந்தந்த ஊரில் குடியிருப்பவர் மட்டுமே ஆட வேண்டும் என்று நோட்டீசில் அச்சடித்திருப்பார்கள். நோட்டீஸ் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்ற நன்றாக உதவும்.

இடது கார்னர் விசைத்தறி ஓட்டுகிறவர். பள்ளிபாளையத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறார். இருபத்தாறு வயது, பேச்சு குறைவு. எதிராளியின் கணுக்கால் அவர் பக்கம் வந்தால் முழுசாகத் திரும்பிப் போகாது. அரையிறுதியில் கடைசிப் பிடியை அவர்தான் பிடித்தார். முழங்கை தோல் உரிந்து மண் ஒட்டியிருக்க, எழுந்து வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “பைனல் என்னைக்குங்கண்ணா?”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பைனலில் ஏழு பேரில் ஒருவராக நிற்க வேண்டும்.

அந்த சீசன் முழுக்க, வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்த அணிகளைத் திட்டித் தீர்த்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடுங்கியே பேசினேன். “ஆளை வாடகைக்கு எடுக்கறவங்க அப்படியே கைதட்டறதுக்கும் நாலு பேர எடுத்துக்கங்க” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு பத்து நாள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் பைனல் பயம் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றில், எங்கோ நாலு மாவட்டம் தள்ளி ஒரு ரைடர் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோடு தாண்டினார். போன் போட்டேன். வருகிறேன் என்றார். இனி ஒருவரைக் கழிக்க வேண்டும். ஒருவன் எனக்கு மச்சான் முறை. இரண்டு பேர் போட்டி நடத்தும் கமிட்டிக்காரரின் அக்கா மகன்கள். மீதிப் பேருக்கும் சண்டைக்கு வரப் பங்காளிகள் உண்டு. தறிக்காரருக்காக ஊரில் கேட்க ஆள் இல்லை. அவரும் கேட்கிற ஆள் இல்லை. நான் அவரைத் தேர்ந்தெடுத்தது அந்தத் தகுதிக்காகத்தான்.

“அரைக் கிலோ தாண்டுதே சாமி,” என்றேன் வியாழக்கிழமை.

குனிந்து எண்ணைப் பார்த்தார். “மேடை சரியா இருக்குதுங்களாண்ணா?”

“தீவன மூட்டைக்கு நெசம் சொல்றது உனக்கு மட்டும் பொய் சொல்லுமா?”

“நேரம் இருக்குதுங்கல்ல. கொறச்சுட்டு வாரனுங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மக்காச்சோளக் காட்டு வழியில் ஓடினார். சோறு இல்லை. வாயில் புளியை அடக்கி, ஊறும் எச்சிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை குடோனுக்கு வந்தபோது கையில் அந்த பாட்டில் பாதி நிறைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் பாட்டிலிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எச்சிலுக்காக அல்ல. கருவாட்டுத் தூள் மூட்டைமேல் உட்கார்ந்து எட்டு வருடமாகச் சோறு உண்கிறவன் நான்.

மேடையில் ஏறினார். நன்றாகக் குறைத்திருந்தார். இந்த முறை கட்டைவிரல் போதவில்லை, முன்பாதத்தையே ஊன்ற வேண்டியிருந்தது. எண் ஏறியது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“சரிங்கண்ணா,” என்று இறங்கினார். “கூட வந்து நிக்கலாமுங்கல்ல?”

மறுநாள் கமிட்டியின் எடைமேடையில் எங்கள் வாடகை ரைடர் ஏறினார். வரும் வழியில் இரண்டு தட்டு பிரியாணி முடித்திருந்தார். எண் அறுபத்தெட்டைத் தாண்டியது. கமிட்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். “செருப்போட ஏறியிருப்பாரு,” என்று சொல்லி அறுபத்தைந்து என்று எழுதினார். ரைடர் வெறுங்காலில் நின்றிருந்தார். எதிரணியிலும் மூன்று பேர் அப்படியே செருப்பில்லாமல் செருப்போடு ஏறி இறங்கினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்த மேடைக்காகவா ஒருவன் மூன்று நாள் துப்பினான் என்று நினைத்தேன். அப்புறம் யார் துப்ப வைத்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் ரைடர் முதல் பாதியில் நான்கு புள்ளி எடுத்தார். பிறகு பிரியாணி வேலையைக் காட்டியது. பிடிக்க வேண்டிய நேரத்தில் இடது கார்னரில் இடுப்பில் கைவைத்து நின்றார். எதிரணிக்காரன் அந்த மூலைக்கே வந்து வந்து தொட்டுப் போனான். கோட்டுக்கு வெளியே, ஈரத்துண்டு பிழிந்துகொண்டிருந்த தறிக்காரர், “கால், கால், கெண்டைக்காலுக்கு எறங்குங்க” என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். இரண்டு புள்ளியில் தோற்றோம். நம் ரைடர் ஜெயித்தவர்களோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார்.

தறிக்காரருக்கு நான் ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கி நீட்டினேன். பிராயச்சித்தத்தைப் பழக்கடையில் முடித்துவிடலாம் என்று நினைக்கிற ஆள்தான் நான். ஒரு பழத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு, ஈரத்துண்டுகளை மடித்து வாளியில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தை வந்தது. பெயர் கொடுக்கும் தாளை எடுத்துக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஒன்றை நிறுத்தினார். பின்னால் சுவரோரம் நூல் கட்டு நிறுக்கும் தராசு இருந்தது. அதன் பலகை ஓர் ஆள் நிற்கத் தோதான அகலம்.

“இந்த வருசம் உள்ளூர் ஆளுங்க மட்டுந்தான் சாமி. மொதப் பேரே உன்ற பேருதான் எழுதப் போறன்,” என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் இருக்கிறதே. “எடையெல்லாம் இப்ப சரியாயிருப்ப, பாத்தாலே தெரியுது.”

அவர் அறுந்த இழையை முடிந்தார். தறியைத் திரும்ப ஓடவிடக் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“அந்தச் சனிக்கெழமையே இந்தத் தராசுல ஏறிப் பாத்துட்டனுங்கண்ணா.”