பதினான்கு இடங்களில் ஆரஞ்சு

என் அண்ணிக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை, அவரே என் கடைக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் இந்த ஊரில் ஏழெட்டு வரவேற்பறைகளிலும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையிலும் 'இசையைக் கேட்டு வரைந்த ஓவியம்' என்று தொங்குவதெல்லாம் அவருடைய கைவேலை. பிரேம் போட்டு விற்றவன் நான். என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

அண்ணி பத்தொன்பது வருஷமாக ஒரு பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிறார். வாடிக்கையாளர் கலர் அட்டையில் எண்ணைக் காட்டினால், வெள்ளை பெயின்டில் சொட்டுச் சொட்டாக நிறம் விட்டு, குலுக்கி, மூடியில் ஒரு பொட்டு வைத்து, பக்கத்திலேயே எண்ணையும் அளவையும் எழுதிவிடுவார். மறுபடி வாங்க வந்தால் அதே கலர் கிடைக்க வேண்டுமே. எழுதாமல் ஒரு டப்பாகூட அவர் கையை விட்டுப் போனதில்லை. இந்த நல்ல பழக்கம்தான் பின்னால் எங்கள் வீட்டுக்கு வேட்டு வைத்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "என் தொழில்ல ஒரு போல்ட்டு லூசானா எட்டு பேரு கீழ போவாங்க" என்பார். சட்டைப்பையில் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். என் கடைக்குள் நுழைந்தால் வணக்கம் கிடையாது, விசாரிப்பு கிடையாது. நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் பிரேம்களின் தலையில் அதை வைத்து மட்டம் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாற்பத்தொன்பதாவது வயதில், வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கிளாரினெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். குழலின் துளைகளையும் மேலே அமுக்குகிற சாவிகளையும் பார்த்ததும், இதுவும் இயந்திரம்தான், நமக்கு அடங்கிவிடும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஒரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை. அவர்கள் இருப்பது என் கடைக்கு நேர் மேலே, இரண்டே அறை. "மாடில கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு அறை வீட்டில் அண்ணி எங்கே ஓடுவார்? சண்டை போடவும் மனசு வரவில்லை. "கைக்கு வேல இருந்தா காது கொஞ்சம் சும்மா இருக்கும் தம்பி" என்று என்னிடம் மிச்சம் மீதி பிளைவுட் பலகைகளை வாங்கிப் போனார். பெயின்ட் கடையில், இது நாங்கள் கேட்ட கலர் இல்லை என்று திரும்பி வந்த டப்பாக்கள் மூலையில் கிடந்தன. அவற்றையும் எடுத்து வந்தார். அண்ணன் நீட்டி ஊதினால் சாம்பல் நிறத்தில் நீளமாக ஓர் இழுப்பு. கீழே இறங்கினால் பச்சை. தடதடவென்று ஓடினால் மஞ்சள் பொட்டுகள். தப்பாக ஊதினால் ஆரஞ்சு.

அந்த ஆரஞ்சு யாரோ தன் வீட்டு இரும்பு கேட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கி, மனைவி பார்த்த அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்தது. எண் இருநூற்றுப் பதினேழு. "வேணும்னு போடறதில்ல தம்பி. அவரு தப்பு பண்ணதும் கை தானா அந்த டப்பாவுக்குப் போயிடுது" என்றார் அண்ணி.

கடைச் சுவரில் ஈரம் பூத்திருந்த இடத்தை மறைக்க அதில் ஒன்றை மாட்டினேன். மகனின் சான்றிதழுக்கு பிரேம் போட வந்த அம்மா, சான்றிதழை மறந்துவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். "இந்த ஆரஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்றார். பிறகு வந்தவர்களுக்கும் ஆரஞ்சுதான் என்னமோ செய்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "வாழ்க்கைங்க" என்று மட்டும் சொன்னார். நானும் ஆமாம் என்று சொல்லி பில் போட்டேன்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை ஆனால் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடையில் வந்து நின்றுவிடுவார். "எல்லாம் நான் வாசிச்சதுங்க" என்பார். ஆரஞ்சு எதற்கு என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு, "அது உச்சம். உணர்ச்சி பொங்குற இடம்" என்பார். அண்ணி என்னைப் பார்ப்பார். நான் சுத்தியலைப் பார்ப்பேன்.

"சொல்லிடவா தம்பி?"

"சொல்லுங்க அண்ணி. நான் ரெண்டு நாள் வெளியூர் போயிட்டு வந்துடறேன்."

சொல்லவில்லை. அதற்குள் அண்ணன், தன்னால்தான் படங்களுக்கு இவ்வளவு மரியாதை, இன்னும் நன்றாக வாசித்தால் அவை எங்கேயோ போய்விடும் என்று கணக்குப் போட்டு, ஓர் ஆசிரியையிடம் சேர்ந்துவிட்டார். கெட்டிக்கார அம்மா. நாலே மாதத்தில் அண்ணன் வாசிப்பது கேட்கும்படி ஆகிவிட்டது. படங்கள் நாசமாகப் போயின. சாம்பல், பச்சை, சாம்பல், பச்சை என்று கால்மிதி மாதிரி வந்தன. பதினோரு கால்மிதிகள் என் கடையில் விலைபோகாமல் நின்றன.

அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டர் வந்தார். புது கிளினிக்குக்கு ஆறடி அகலத்தில் ஒரு படம் வேண்டுமாம். "ஆரஞ்சு தாராளமா இருக்கணும். காத்திருக்கிறவங்க அதப் பாத்து, நம்மளவிட யாரோ அதிகமா கஷ்டப்பட்டிருக்காங்கன்னு ஆறுதல் அடையணும்" என்றார். விவரமான மனிதர்.

ஆரஞ்சை நீங்களாகப் போட்டுவிடுங்கள் என்று அண்ணியிடம் எவ்வளவோ சொன்னேன். "அவரு தப்பு பண்ணாம நான் எப்படி போடறது? பொய் ஆயிடாதா?" என்றார். சரி, தப்புச் செய்ய வைப்போம் என்று இறங்கினோம். அண்ணனை நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னார் அண்ணி. சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுப் பசியில் வாசிக்க விட்டார். நான் மங்கலான பல்பு வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் பசியிலும் இருட்டிலும் சுத்தமாக வாசித்துத் தொலைத்தார்.

டாக்டருக்கு மாதிரி காட்டலாம் என்று அண்ணியிடமிருந்த மூன்று பழைய படங்களைக் கீழே கொண்டுவந்து பிரேம் மாற்றிக்கொண்டிருந்தேன். படத்தின் பின்பக்கத்தைப் பிரவுன் பேப்பர் ஒட்டி மூடுவது என் வழக்கம். அன்றைக்கு மூன்றின் பேப்பரையும் கிழித்துவிட்டு, பசை வாங்கப் போனேன். திரும்பி வந்தால், கையில் ரசமட்டத்தோடு அண்ணன் நிற்கிறார். பலகையின் முதுகில் அண்ணி தொழில் சுத்தமாக எழுதி வைத்திருந்தார். தேதி, பாடம் மூன்று, சாம்பல் 88 நீட்டியது, பச்சை 140 கீழே இறங்கியது, 217 தப்பு, 14 இடம்.

அண்ணன் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். அடுத்த படத்தைத் திருப்பினார். 217 தப்பு, 22 இடம். அதற்கடுத்தது 217 தப்பு, 31 இடம், இன்று சளி.

"தப்புன்னா என்னடா?" என்றார்.

நான் பசை டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தேன். அண்ணன் படங்களைப் பதமாகச் சுவரில் சாய்த்துவிட்டு, எதையும் மட்டம் பார்க்காமல் மாடிக்குப் போனார்.

கிளாரினெட் பெட்டி அலமாரியின் மேல் ஏறியது. ஒன்பது நாள் ஆறு மணியானால் மாடியில் சத்தமே இல்லை. திட்டினாலாவது பரவாயில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். என்னிடம் மட்டும் ஒரு தடவை, "ஊரு பூரா மாட்டி வெச்சிருக்கீங்களேடா, பிரேம் போட்டு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணி இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். அதற்கும் அவர், "சரி, விடு" என்று மட்டும்தான் சொன்னாராம். இனி அவர் அதைத் தொடவே மாட்டாரோ என்று அண்ணி பயந்தார். எனக்கும் பயம்தான்.

பத்தாவது நாள் சாயங்காலம், டாக்டருக்காக வாங்கி மாடியில் வைத்திருந்த ஆறடிப் பலகையை என்ன செய்வது என்று கேட்கப் போனேன். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அண்ணி டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"படம் வராதுங்க டாக்டர். என் வீட்டுக்காரரு வாசிக்கிறத நிறுத்திட்டாரு. இல்லைங்க, ரேடியோ போட்டு வரைய வராது. மத்தவங்க தப்பா வாசிச்சா எனக்கு எரிச்சல்தாங்க வருது. இவரு வாசிச்சாதான் கை போகுது. நீங்க வேற இடத்துல பாத்துக்குங்க."

செய்தித்தாள் கீழே இறங்கியது. அண்ணன் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கினார். கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தி, பாடப் புத்தகத்தில் தெரிந்ததையெல்லாம் புரட்டித் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஒரு வருஷம் ஆகும், அதுவரை தொடாதீர்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்த பாடம் அது.

"லிஃப்ட்ல தப்பு பண்ணாதான் ஆளு சாவான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு ஊத ஆரம்பித்தார்.

மூன்றாவது சுரத்திலேயே தப்பு. அப்படி ஒரு தப்பை நான் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. அண்ணி டப்பா பக்கமே போகவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நின்றார், கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். "என்ன வேடிக்க பாக்கற? அது தப்பு. ஆரஞ்சப் போடு."

அண்ணி அவசரமாகத் தூரிகையைத் தேடி, மூடியைத் திறந்து, பலகையில் ஒரு இழுப்பு இழுத்தார். அவர் முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார்.

"போட்டாச்சா?"

"ஆச்சுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பெருசா போடு. அது சின்னத் தப்பு இல்ல."